அன்றைக்கு அது என்ன விலை

ஈப்போவில் அந்தக் கணினிக் கடைக்குள் நுழையும் வரைக்கும் கஸ்பாருக்குத் தன் மனைவியின் பேரில் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் சண்டை வந்திருக்கிறது, முகம் கொடுத்துப் பேசாத நாள்கள் இருந்திருக்கின்றன, ஒரு தடவை சோற்றுத் தட்டை அவர் தள்ளிவிட்டதும் உண்டு. ஆனால் காசு விஷயத்தில் இருதயமேரி ஒரு கணக்குச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இருந்ததில்லை.

மகள் ஷார்மேனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. வீட்டில் மடிக்கணினி ஒன்று இருக்கத்தான் செய்தது. மூத்தவன் நைஜல் அதில் படித்து முடித்து, பினாங்குக்கு வேலைக்குப் போனபோது தங்கைக்கு விட்டுவிட்டுப் போனது. மூடி ஒரு பக்கம் பிளந்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. சார்ஜ் வயரைப் பிடுங்கினால் உடனே கண்ணை மூடிக்கொள்ளும். பழுது பார்க்க முடியுமா என்று கேட்கத்தான் செமோரிலிருந்து மூன்று பேரும் காரில் கிளம்பி வந்திருந்தார்கள்.

கடையில் இருந்த சீனப் பையன் அதைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். மூடி, பேட்டரி இரண்டையும் மாற்றவே நானூறு ரிங்கிட் வெள்ளிக்கு மேல் ஆகும், அந்தக் காசைப் புதிதில் போடுங்கள் என்று மலாயில் சொன்னான். புதிதாக வந்ததைக் காட்டினான். பழையதில் பாதிக் கனம், இரண்டு மடங்கு வேகம், விலை ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதுவும் முடியாதென்றால் ஆபீஸ்களிலிருந்து வந்த பழைய மடிக்கணினிகள் துடைத்து வைத்திருக்கிறோம், எண்ணூற்றைம்பது என்றான்.

இருதயமேரியும் ஷார்மேனும் அந்தப் பக்க மேசைக்குப் போய்விட்டார்கள். கஸ்பார் சும்மாதான் கேட்டார், நாங்கள் வாங்கியபோது இது என்ன விலை இருந்திருக்கும் என்று. பையன் அடியில் ஒட்டியிருந்த சீட்டை ஒரு பார்வை பார்த்தான். ஆயிரத்து ஐந்நூறுக்குள்தான் இருக்கும் அங்கிள் என்று சொல்லிவிட்டு, வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டான்.

அந்த மடிக்கணினிக்காகக் கஸ்பார் அனுப்பிய பணம் இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.

அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு பேரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். வண்டியில் ரேடியோவைக்கூடப் போடவில்லை. என்னாச்சு என்று இருதயமேரி கேட்டதற்குத் தலை வலிக்கிறது என்றார்.

தலை வலிக்கத்தான் செய்தது. கஸ்பாருக்குத் தெரிந்த உலகத்தில் விலை என்பது ஏறுகிற சங்கதி. கோழி ஏறியது, வெங்காயம் ஏறியது, பால் விடாத கோப்பி-ஓ ஏறியது. காருக்கு டயர் வாங்கப் போனால் போன தடவை கொடுத்த காசு இந்தத் தடவை காணாது. மீன்காரர் வியாழக்கிழமை சொன்ன விலையை வெள்ளிக்கிழமை சொல்வதில்லை. இப்படி இருக்கிற ஊரில் ஒரு மின்சாரச் சாமான், அதுவும் படித்தவர்கள் வைத்துக்கொள்கிற சாமான், அன்றைக்கு இரண்டாயிரத்து எண்ணூறும் இன்றைக்கு அதைவிட நல்லது ஆயிரத்து நானூறும் என்றால் அது எப்படி? இன்றைக்கு இவ்வளவுதான் என்றால் அன்றைக்கு இதைவிடக் குறைவாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

வாங்கியபோது அவர் ஊரில் இல்லை. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். தொற்று நோய் வந்து இரண்டு நாட்டுக்கும் நடுவில் இருக்கிற பாலத்தை மூடினார்கள். இந்தப் பக்கம் வந்தால் திரும்பப் போக முடியாது, போகாவிட்டால் வேலை இல்லை என்பதால் அங்கேயே தங்கிவிட்டார். ஒரு அறையில் ஆறு பேர். இங்கே பள்ளிக்கூடத்தைச் சாத்திவிட்டு வீட்டிலிருந்தே படி என்று சொல்லிவிட்டார்கள். நைஜல் தாயின் கைப்பேசியில் பாடம் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து எண்ணூறு வேண்டும் என்று இருதயமேரி சொன்னாள். அவர் ஓவர்டைம் காசையெல்லாம் சேர்த்து அனுப்பினார். வாங்கியாச்சு என்று ஒரு படம் வந்தது. நைஜல் சிரித்துக்கொண்டு மடியில் வைத்திருந்தான். அதோடு சரி.

இதெல்லாம் மறந்துபோன கதை. இப்போது எல்லாம் திரும்பி வந்தது. தனியாக வரவில்லை. அவளுடைய தம்பி லூர்துசாமியின் லோரியையும் கூட்டிக்கொண்டு வந்தது. கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்குகிற அந்தப் பழைய லோரியை லூர்து வாங்கியது அதே வருடம்தான். ஊரே வேலையில்லாமல் கிடந்தபோது முன்பணம் கட்ட அவனுக்கு ஏது காசு?

கஸ்பார் இப்போது தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். செமோரில் குடியிருப்புக்குக் குடியிருப்பு, தாமான் தாமானாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஈப்போவைத் தாண்டி ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் விடவேண்டும். முன் இருக்கையில் எப்போதும் மங்களம் உட்காருவாள். சிப்புகளைச் சோதிக்கிற பகுதியில் பல வருடமாக இருப்பவள். திங்கட்கிழமை காலையில் அவளிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுப்பதுபோல், லேப்டாப் ஏன் இப்படி மலிந்துவிட்டது என்று கேட்டார்.

மங்களத்துக்கும் சரியாகத் தெரியவில்லை. முன்பு பத்துப் பேர் பார்த்த வேலையை இப்போது ஒரு மெஷினும் இரண்டு பேரும் பார்க்கிறோம், அதனால் இருக்கலாம் என்றாள். பிறகு, கிலாங்கில், எங்கள் தொழிற்சாலையில், சாமான் அதிகமாகத்தான் போகிறது, ஆனால் எங்கள் சம்பளம் மலியவும் இல்லை ஏறவும் இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். கஸ்பாருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானமே புந்தோங்குக்குப் போனார். அங்கே கோயில் தெருவுக்குப் பின்னால் தர்மேந்திரன் என்பவர் கணினி பழுது பார்க்கிறார். முன்பக்கம் கைப்பேசி உறைகள் தொங்கும். பின்பக்கம் திறந்த வயிற்றோடு மடிக்கணினிகள் கிடக்கும். கஸ்பார் பழையதையும் கையோடு கொண்டுபோயிருந்தார்.

"ஒரு காரணம்னு இல்லண்ணே," என்றார் தர்மேந்திரன், திருகாணியைக் கழற்றிக்கொண்டே. "எம்சிஓ போட்டு ஊரடைச்ச நேரத்துல உலகம் பூரா ஒரே நாள்ல கடைக்கு ஓடுச்சு. கிலாங்கு மூடிக் கெடக்கு, கப்பல் வரல. இருந்த சரக்குக்கு அடிபுடி. அப்பறம் என்னாச்சு, எல்லா கிலாங்கும் தொறந்து ராப்பகலா செஞ்சு தள்ளிட்டான். வாங்கவேண்டியவன் முன்னாடியே வாங்கிட்டான், இனி அஞ்சு வருசத்துக்கு அவன் வரமாட்டான். சரக்கு தேங்கிப்போச்சு."

"அதனாலதான் எறங்குச்சா?"

"அதுவும்தான். ஸ்க்ரீன முன்ன ரெண்டு மூனு கம்பெனிதான் செஞ்சான், இப்ப சைனாவுல எத்தனயோ பேரு செய்றான். அது மலிவு. பேரு தெரியாத கம்பெனிக்காரன் வேற ஆன்லைன்ல விக்கிறான், கடை வாடகை இல்ல அவனுக்கு. அப்பறம் இந்தா பாருங்க," என்று மூலையில் அடுக்கியிருந்த கறுப்பு மடிக்கணினிகளைக் காட்டினார். "கேஎல் டவுன்ல பெரிய பெரிய ஆபீசு, மூனு நாலு வருசத்துல மாத்திப்புடுவான். பொட்டி பொட்டியா வருது. நான் தொடச்சு, புது மெமரி போட்டு எண்ணூறுக்குக் குடுக்குறேன். இது எண்ணூறுக்குக் கெடைக்கிறப்ப புதுசக் கொண்டாந்து மூவாயிரம்னா எவன் வாங்குவான்லா?"

கஸ்பாருக்கு ஒவ்வொன்றும் விளங்கியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கவில்லை. விளங்கவேண்டியது வேறு ஒன்று.

"அப்ப அன்னிக்கி, அந்த எம்சிஓ நேரத்துல, இது என்ன வெலை இருந்திருக்கும்?"

தர்மேந்திரன் தோளைக் குலுக்கினார். "அது வித்தவனப் பொறுத்ததுண்ணே. ஆயிரத்து எண்ணூறுக்கும் வித்தான், மூவாயிரத்துக்கும் வித்தான். அப்ப யாரு கேக்குறது?"

ஆயிரத்து எண்ணூறும் இருக்கலாம், மூவாயிரமும் இருக்கலாம். கஸ்பார் பழைய மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் வந்து நின்றார். மனைவியைக் கேட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்டு, அவள் இரண்டாயிரத்து எண்ணூறு என்று சொல்லி, தனக்கு நம்பிக்கை வராமல் போனால் என்ன செய்வது? அதற்குப் பயந்துகொண்டு அவர் மறுநாள் லூர்துசாமியைப் பார்க்கப் போனார்.

சிம்பாங் பூலாயில் கேமரன் ரோட்டு முனையில் லூர்து லோரியை நிறுத்திக் கோசு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். எதிரே சுண்ணாம்பு மலையை வெட்டுகிற இடத்திலிருந்து வெள்ளைத் தூசி வந்து லோரியின் கண்ணாடியில் படிந்திருந்தது. மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மச்சானைப் பார்த்ததும் லூர்து கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்து ஒட்டுக்கடையில் நுரைக்க ஆற்றிய தே தாரேக் இரண்டு சொன்னான். வீட்டில் எல்லாரும் சுகமா, ஷார்மேனுக்கு எப்போது வகுப்பு என்றெல்லாம் விசாரித்தான்.

கஸ்பார் லோரியைப் பற்றிப் பேச்செடுத்தார். எந்த வருடம் வாங்கினாய், நல்லா ஓடுகிறதா, என்ன விலைக்கு முடித்தாய் என்றார். லூர்து சந்தேகம் எதுவும் தோன்றாமல் பதில் சொன்னான். முன்பணம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னான்.

"அப்ப அந்த நேரத்துல யாராச்சும் காசு குடுத்து ஒதவுனாங்களா?"

லூர்து கிளாசைக் கீழே வைத்தான்.

"மச்சான், என்னா கேக்கணுமோ நேராக் கேளுங்க."

கஸ்பார் நேராகக் கேட்கவில்லை. லேப்டாப், கடைப் பையன், ஆயிரத்து ஐந்நூறு என்று துண்டு துண்டாக ஏதோ சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

"அக்கா எனக்கு அஞ்சு காசு குடுக்கல. எம்பொண்டாட்டி சங்கிலிய வச்சுத்தான் இந்த லோரிய எடுத்தேன்," என்றான் லூர்து. சத்தம் போடவில்லை. "அந்த லேப்டாப் வாங்க அக்காவ ஏத்திக்கிட்டுப் போனது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? நாந்தான். இந்த லோரிதான்."

அவருக்குத் தெரியாது.

லூர்து சொன்னான். ரோட்டில் போலீஸ் தடுப்புப் போட்டிருந்த நேரம் அது. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் யாரும் போகக்கூடாது. காய்கறி லோரிக்கு மட்டும் அனுமதிக் கடிதம் உண்டு. இருதயமேரி அவனுடைய தொப்பியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு மூட்டை இறக்குகிற ஆள்போல முன்னால் ஏறி உட்கார்ந்தாள். ஈப்போவில் மூன்று கடையில் சரக்கே இல்லை. நாலாவது கடையில் மாடிப்படி வரை வரிசை. ஒருத்தருக்கு ஒருத்தர் தள்ளி நிற்க வட்டம் போட்டிருந்தார்கள். அவள் முறை வரும்போது ஒரே ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. மேலே போட்டிருந்த விலைச் சீட்டை அன்றைக்கே இரண்டு தடவை மாற்றி ஒட்டியிருந்தார்கள். பின்னால் நின்ற ஆள் இன்னும் நூறு சேர்த்துத் தருகிறேன் என்று கடைக்காரனிடம் சைகை காட்டினான்.

"அக்கா கொண்டுபோன காசு பூராத்தையும் தூக்கி மேசையில வச்சுட்டு பொட்டி மேல கையப் போட்டுக்கிச்சு. எடுக்கவேயில்லலா கைய. வர்ற வழியில மழை. இந்தப் பக்கத்துக் கண்ணாடி அப்ப ஏறாது. பொட்டி நனையக்கூடாதுன்னு அது மேல கவுந்து படுத்துக்கிட்டே வந்துச்சு. செமோர்ல எறங்குறப்ப முதுகு பூரா தண்ணி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட என்னான்னு சொல்லும்? நீங்க அங்க போனப் போட்டா அழுதுக்கிட்டு கெடந்தீங்க. சொல்லாதடான்னு என்னையும் அடக்கிருச்சு."

மழை வந்துவிட்டது. லூர்து மிச்ச மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போடப் போனான். கஸ்பாரும் எழுந்து ஒரு மூலையைப் பிடித்தார். வேணாம் மச்சான், நான் பாத்துக்குறேன் என்று லூர்து அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலம் கஸ்பாருக்கு ஞாபகம் வந்தது. கித்தா விலை இறங்குகிற மாதம் லயத்தில் சண்டை நடக்கும். அம்மா வெட்டிய மரம் அதேதான், சுமந்த பால் அதேதான், சம்பளம் மட்டும் குறைந்து வரும். மிச்சத்தை எங்கே ஒளித்தாய் என்று அப்பா கேட்பார். விலை எறங்கிப்போச்சாம் என்று அம்மா சொல்வாள். எங்கே எறங்குச்சு, யாரு எறக்குனா என்று அவர் கத்துவார். விலை இறங்கும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்தான் அவரும். எப்படி மறந்து போயிற்று என்று அவருக்கே புரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இருதயமேரி அடுப்படியில் சார்டின் மீன் சம்பல் கிளறிக்கொண்டிருந்தாள். மிளகாய் நெடியில் ஷார்மேன் தும்மிக்கொண்டே தன் அறைக்குள் போய்விட்டாள். கஸ்பார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லூர்து போன் பண்ணான்," என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"சாப்புடுறீங்களா?"

"மேரி, கடையில அந்தப் பையன் ஆயிரத்து ஐநூறுன்னு சொன்னான்."

"அவனுக்கு அப்ப என்னா வயசு? பள்ளிக்கூடத்துல இருந்திருப்பான்."

"எனக்கு வெளங்கல. கடையில வாங்குற எந்தச் சாமானும் வெலை எறங்கி நான் பாக்கல."

அவள் அடுப்பைத் தணித்தாள். "எனக்கு மட்டும் வெளங்குதா? அன்னிக்கி நானும் அந்த மேசையில வெலையப் பாத்தேன். மூனு நாளா எனக்கும் அதே நெனப்புதான். அந்தக் கடைக்காரன் என்ன ஏமாத்திட்டானோ, உங்க காச நான் அநியாயமாத் தொலைச்சுட்டேனோன்னு. உங்ககிட்டச் சொல்லவும் பயமா இருந்துச்சு." கரண்டியைத் தட்டி வைத்தாள். "நான் ஏமாந்துட்டேனான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க, நான் ஏமாத்துனேனான்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"அப்படி இல்ல..."

"வேற எப்படி?"

வேறு எப்படியும் இல்லை. அவர் மேசை விரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம். சண்டையாவது போட்டிருப்பேன். எந்தம்பிகிட்டப் போயி, அதுவும் அவன் வேலை செய்ற எடத்துல வச்சு..." சோற்றைப் போட்டு, சம்பலை வைத்து, அவர் முன்னால் தள்ளினாள். "ஷார்மேனுக்கு நீங்களே கூட்டிக்கிட்டுப் போயி வாங்கிக் குடுங்க. நான் வரல."

அவள் சமைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அதுவரை தினமும் சொல்லிக்கொண்டிருந்த சின்னச் சின்னக் கணக்குகள் நின்றுபோயின. மீன் என்ன விலை, கோயில் காணிக்கை எவ்வளவு, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கைமாற்றுக் கொடுத்தது திரும்பியதா என்று அவள் பாட்டுக்குச் சொல்வதும், அவர் பாதி கேட்டும் கேட்காமலும் இருப்பதுமாகத்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மேசையின் மேல் ரசீது வந்து உட்கார்ந்தது. மிளகாய்த்தூளுக்கும் ரசீது, முட்டைக்கும் ரசீது, அதன் மேல் சில்லறை. கஸ்பார் அவற்றைத் தொடவில்லை. அவளும் எடுக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் அவை கீழே விழுந்தால் ஷார்மேன் பொறுக்கி வைப்பாள்.

வகுப்புத் தொடங்க ஒரு வாரம் இருக்கையில் அவர் மகளோடு ஈப்போவுக்குப் போனார். ஏமாந்துவிடக் கூடாது என்று நாலைந்து கடை ஏறி இறங்கினார். ஒரு கடையில் இன்னும் இறங்கும், பொறுத்து வாங்குங்கள் என்றார்கள். இன்னொரு கடையில், மெமரி எல்லாம் ஏஐ கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போகின்றன, இனிமேல் ஏறத்தான் செய்யும், இன்றைக்கே வாங்குங்கள் என்றார்கள். ஒரே மாதிரிப் பெட்டிக்கு மூன்று விலை இருந்தது. என்ன வித்தியாசம் என்று கேட்டால் எண்ணும் எழுத்துமாக எதையோ சொன்னார்கள். ஷார்மேன் தலையாட்டினாள். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் முதல் நாள் பார்த்த கடைக்கே வந்து, அதே ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு வாங்கினார். காசை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். கொடுத்தது சரியா தப்பா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. தனியாக நின்று காசு கொடுப்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் மடிக்கணினியைத் திறந்து காட்டியபோது, நல்லா இருக்கு என்றாள் இருதயமேரி. விலை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறு மாதம் பஸ்ஸுக்கு ஒரு சாமான் வாங்க ஈப்போவுக்குப் போனவர் அந்தக் கடை வாசலில் நின்றுவிட்டார். அதே மடிக்கணினி. மேலே சிவப்புச் சீட்டு, ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது. உள்ளே போய் அந்தப் பையனிடம், போன மாதம்தானே வாங்கினேன் என்றார். ப்ரமோஷன் அங்கிள் என்றான் பையன்.

செமோர் வரும்வரை அவர் மனசுக்குள் பதில் தயாரித்துக்கொண்டு வந்தார். தர்மேந்திரன் சொன்ன காரணங்களையெல்லாம் வரிசையாக நினைவுபடுத்திப் பார்த்தார். தேங்கின சரக்கு, சைனா, ஆபீஸ் பெட்டிகள். எதைச் சொன்னாலும் தான் இருநூறை எடுத்துக்கொண்டு பொய் சொல்வதுபோலவே இருந்தது.

இருதயமேரி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கனமான படுக்கை விரிப்பு ஒன்றைத் தனியாகப் பிழிய முடியாமல் திணறினாள். அவர் போய் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் முறுக்கினார்கள்.

"அந்தக் கடையில இப்ப ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தொம்பது போட்டிருக்கான்," என்றார்.

"ஓ."

"ஒரு மாசங்கூட ஆகல."

"இருநூறு கொறைச்சிட்டானா," என்றாள் அவள், விரிப்பை உதறிக்கொண்டே.

கஸ்பார் அவளைப் பார்த்தார். என்ன விலைக்கு வாங்கினோம் என்று தான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். விரிப்பைக் கொடியில் போட்டு, சுருக்கத்தை இழுத்துவிட்டு, துணிக்கவ்வியைத் தேடினாள்.

"ஷார்மேன் சொன்னா," என்றாள். "நான் கேக்கல. அவளாத்தான் சொன்னா."

"சரி," என்றார் கஸ்பார்.

முதல் தூறல் விழுந்தது. உள்ளேயிருந்து ஷார்மேன், காயாத துணியை எடுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு வாசற்படிக்கு வந்து நின்றாள். கஸ்பார் அவளிடம் வாளியை மட்டும் நீட்டினார். விலையை நீயா சொன்னாய் என்று கேட்கவில்லை.